எல்லாம் நான்தாங்க தொரை

எங்கள் லயத்தில் காணாமல் போன எல்லாவற்றையும் எடுத்தவர் என் மச்சான்தான். கவாத்துக் கத்தி, மருந்தடிக்கும் டப்பா, ஒருமுறை தொரை பங்களாவின் வான்கோழி. எடுத்தவர் என்றால், எடுத்ததாக ஒப்புக்கொண்டவர். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் உண்டு என்பது, கோர்ட் வாசலை மிதிக்கும்வரை எங்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை.

தேவர்சோலைப் பக்கத்து எஸ்டேட் அது. எங்களைப் பெற்றவர்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். லயம், பெரட்டு என்று பேசுவதை அவர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம். வேறு சொத்து எதுவும் கைமாறவில்லை. லயம் என்றால் எஸ்டேட் கட்டிவிட்ட வரிசை வீடுகள். பெரட்டு என்றால், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. ஏதாவது தொலைந்திருந்தால் அன்றைக்குப் பெரட்டுக்களத்திலேயே தொரை கேட்பார், "யாரு எடுத்தது?" ஒருவரும் வாயைத் திறக்காவிட்டால் அந்த லயத்துக்கே வேலை கிடையாது. ஒருவர் முன்னால் வந்து "நான்தாங்க தொரை" என்று தலையைக் குனிந்தால் அவருக்கு மட்டும் இரண்டு இங்கிலீஷ் கெட்ட வார்த்தையும் அரைப் பேரும். முழு நாள் வேலை, அரை நாள் சம்பளம், அதுதான் அரைப் பேர். விஷயம் அதோடு முடிந்தது. உண்மையில் எடுத்தது யார் என்பதில் தொரைக்கு அக்கறை இருந்ததே இல்லை. அவர் முன்னால் யாராவது ஒருவர் குனிந்து நின்றாக வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் லயத்துக்கு அந்த ஆள் என் மச்சான். என் அக்காவைக் கட்டியவர். ஃபேக்டரியில் இலை காய வைக்கும் ட்ரையர் பார்ப்பவர். நெட்டையான உடம்பு, குனிந்தால் குனிந்தது தூரத்திலிருந்தே தெரியும். அவர் ஒப்புக்கொண்ட அன்று அக்கா அடுப்புப் பற்ற வைக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டிலிருந்து ரொட்டி வரும், ஒரு வீட்டிலிருந்து தேங்காய்ச் சம்பல் வரும், ஒரு வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு. கேட்டு வாங்குவதில்லை, அது ஒரு முறை. லயத்துக்காக அரைப் பேர் வாங்கியவன் வீட்டில் அன்று புகை வரக் கூடாது.

அந்தக் கருவாட்டுக் குழம்புக்கு ஆசைப்பட்டு நானும் ஒருமுறை முன்னால் போய் நின்றேன். பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது. தொரை என்னை ஏற இறங்கப் பார்த்து, "இவன் திருடற மூஞ்சி இல்ல, போ" என்று வரிசைக்குத் திருப்பி அனுப்பினார். திருடன் வேஷத்துக்குக்கூட லாயக்கில்லாதவன் என்று பெரட்டுக்களத்திலேயே சான்றிதழ் வாங்கியவன் நான்.

பிறகு தேயிலை விழுந்தது. விலை விழுந்தது என்று பேப்பரில் போட்டார்கள். எங்களுக்கு அது வேறு வரிசையில் விழுந்தது. முதலில் ஃபேக்டரிச் சங்கு நின்றது, பிறகு லயத்துக் கரண்ட் நின்றது, கடைசியாகத் தொரை. அவர் ஒரு காலையில் நாயை ஜீப்பின் முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது. பறிக்க ஆளில்லாத தேயிலை ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. எஸ்டேட்டை விற்கப் போகிறார்கள், புது ஓனர் வந்ததும் பழையபடி பெரட்டு போடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அதை நம்பி இருந்தவர்கள் இருந்தார்கள். நான் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. ஊட்டிக்கு ஏறி, காந்தலில் ஒரு பேக்கரியில் வர்க்கி, அதாவது அடுக்கடுக்கான ஊட்டி பிஸ்கட், போடும் வேலைக்குச் சேர்ந்தேன். பாதி வர்க்கியைத் தின்றே தீர்ப்பேன் என்று முதலாளி பயந்தார். அநியாயம், கால்வாசிதான்.

ஆளில்லாத ஃபேக்டரி மெல்ல மெல்லக் காலியானது. இலை உருட்டும் மெஷினின் பித்தளைத் தகடுகள் ஒரு வாரம் போயின. இலை வாட்டும் தொட்டியின் பெரிய விசிறி இன்னொரு வாரம். ட்ரையர் மோட்டாரின் செம்புக் கேபிள் பிறகு. இதில் கேபிளை எடுத்தது மச்சான்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை, அவரும் மறைக்கவில்லை. அக்கா வெறும் கஞ்சித் தண்ணீரில் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். பல வருஷம் தன் கையால் துடைத்து வைத்த மோட்டாரிலிருந்து அவரே உருவி எடுத்தார். தகடும் விசிறியும் வேறு ஆட்கள். யார் என்று லயத்துக்கே தெரியும். விசிறி எடுத்தவர் அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

போலீஸ் வந்தது. வந்தவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கச் சோம்பல்பட்டு, எல்லோரையும் பெரட்டுக்களத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் எல்லாம் கெட்டது. அதே களம், அதே வரிசை, எதிரே காக்கி உடுப்பில் ஒருவர்.

"யாரு எடுத்தது? சொல்லாட்டி எல்லாரையும் வண்டியில ஏத்துவேன்."

மச்சான் முன்னால் வந்தார். "நான்தாங்க தொரை."

"எதை?"

"எல்லாம் நான்தாங்க தொரை."

"தகடு, விசிறி, கேபிள், மூணும் நீ ஒருத்தனா? அந்த விசிறியை ரெண்டு பேரு சேர்ந்தாத்தானேய்யா தூக்க முடியும்?"

"நான் நல்லாத் தூக்குவேனுங்க."

அக்கா இதை என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் வந்தது. அரைப் பேர் கணக்கில்தான் நாங்கள் அப்போதும் இருந்தோம்.

கோர்ட்டில் நானும் இருந்தேன். பேக்கரி மாவு ஒட்டிய சட்டையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முதலில் மாஜிஸ்திரேட், "வக்கீல் வெச்சுக்க வசதி இல்லைன்னா இலவசமா வக்கீல் கொடுப்பாங்க, வேணுமா?" என்று நல்லபடியாகத்தான் கேட்டார். மச்சான் கை கட்டிக்கொண்டு, "வேண்டாங்க தொரை, எதுக்கு வீண் சிரமம்" என்றார். பிறகு குற்றம் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டது. தகடு. ஆமாங்க தொரை. விசிறி. ஆமாங்க தொரை. கேபிள். ஆமாங்க தொரை. ஒவ்வொரு ஆமாமுக்கும் தலை முன்னைவிட ஒரு பிடி கீழே போனது. அந்தக் குனிவைக் கண்டு மனம் இளகாத தொரையை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

தீர்ப்பு: ஒவ்வொரு திருட்டுக்கும் ஒன்றரை வருஷம். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க வேண்டும்.

வெளியே வராந்தாவில் போலீஸ்காரர் கையைப் பிடித்திருக்க, மச்சான் என்னிடம் குனிந்து கேட்டார்.

"என்ன மச்சான் சொன்னாரு? எத்தனை நாளு அரைப் பேரு?"

நான் வாயாடி. எழவு வீட்டிலும் இரண்டு ஜோக் சொல்லாமல் எழுந்து வராதவன். அன்று தீர்ப்பை அப்படியே சொன்னேன்.

"நாலரை வருஷம், மச்சான்."

அவர் சிரித்தார். வழக்கம்போல நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கோமாளித்தனம் பண்ணினால் இப்படித்தான், உண்மையைச் சொல்லும் நாளில் கேட்பவர் கைதட்டுவார்.

ஊட்டியில் இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்துக் கொடுத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர், குளிருக்கு மேல்கோட்டுக்குள் ஒரு ஸ்வெட்டர், அதற்குள் இன்னொன்று. அவரிடம் நான் முதலில் சொன்னது, "மூணுல ரெண்டு அவரு எடுக்கலைங்க."

"ஏனுங்க, அதை அங்கயே சொல்லியிருக்கோணுமில்லீங்க? ஒத்துக்கிட்டாரே. ஒத்துக்கிட்ட கேசுல, எடுத்தாரா எடுக்கலையான்னு மேல் கோர்ட்டுல கேக்கவே விட மாட்டாங்க. தண்டனை ஜாஸ்தின்னு மட்டுந்தான் கேக்க முடியும்."

"அப்ப எடுக்காததுக்கும் சேர்த்துத்தான் உள்ள இருக்கணும்?"

"இருக்கோணும். எவ்வளவு நாளுங்கறதுதான் கேள்வி. ஒரே இடம், ஒரே ஆளு, இதுக்கு முன்னாடி ஒரு கேசு கிடையாது, தானே ஒத்துக்கிட்டாரு. தனித்தனியாப் பார்த்தா ஒன்றரை வருசம் ஒண்ணும் பெரிசில்லைங்க. மொத்தமாக் கூட்டிப் பாத்தீங்கன்னா பண்ணுன காரியத்துக்கு மீறிப் போகுது. மூணையும் ஏககாலத்துல அனுபவிக்கட்டும்னு சொல்லச் சொல்லிக் கேப்போம்."

ஏககாலம் என்ற சொல் எனக்கு அதற்கு முன் கல்யாணப் பத்திரிகையில்கூடப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த பாஷைக்கு மாற்றிப் பார்த்தேன்.

"அதாவதுங்க, மூணு தட்டு வர்க்கியை ஒரே அடுப்புல ஒரே நேரத்துல உள்ள தள்ளற மாதிரி. கீழ்க் கோர்ட்டு ஒரு தட்டு வெந்து வெளிய வந்த பிறகுதான் அடுத்ததுன்னு சொல்லிருச்சு."

வக்கீல் அம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"வர்க்கி போடறேனுங்க."

"அதான பாத்தேன்."

அவர் கோர்ட்டில் இதைச் சொல்வார் என்று நான் மிகவும் எதிர்பார்த்தேன். சொல்லவே இல்லை. சட்டத்துக்கு நான் செய்த ஒரே தொண்டு அந்த அறையோடு போயிற்று.

சீக்கிரம் நடக்க வேண்டும் என்று நான் கெஞ்சியதற்குக் காரணம் இருந்தது. எஸ்டேட் கைமாறுவது உறுதியாகிவிட்டது, பத்திரம் முடிய இரண்டு வருஷமாவது பிடிக்கும் என்றார்கள். புது ஓனர் முதல் பெரட்டில் நேரில் வந்து நிற்பவர்கள் பேரைத்தான் எழுதுவார் என்று சொல்லியிருந்தார்கள். பேர் இருந்தால் வேலை, வேலை இருந்தால் லயத்தில் அறை. அக்கா முழங்கால் போய் எப்போதோ வேலையை விட்டவள். அந்த அறை மச்சான் பேரில்தான் நின்றது. ஒன்றரை வருஷமென்றால் அவர் பெரட்டுக்கு வந்து நிற்கலாம். நாலரை என்றால் அக்கா தெருவில் நிற்க வேண்டும்.

"அப்பீல் முடியறவரைக்கும் ஜாமீன்ல விடச் சொல்லிக் கேக்கலாங்க" என்றார் வக்கீல் அம்மா. கேட்டார், கிடைத்தது. எனக்கு ஆகாயத்தில் பறப்பதுபோல் இருந்தது, அடுத்த வாக்கியம் வரும்வரை. ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும். சொந்த வீடோ நிலமோ இருப்பதற்கு வரி ரசீது காட்ட வேண்டும்.

எனக்குத் தெரிந்தவர்களையெல்லாம் மனசுக்குள் பெரட்டு போட்டு நிறுத்திப் பார்த்தேன். லயம் எஸ்டேட்டுடையது. அதன் கக்கூஸ் எஸ்டேட்டுடையது. முற்றத்தில் நாங்கள் வைத்த முருங்கைகூட எஸ்டேட் மண்ணில் நிற்பதால் எஸ்டேட்டுடையது. மூன்று தலைமுறையாக அக்கரையிலும் இக்கரையிலும் மலை மலையாகத் தேயிலை நட்ட கூட்டத்தில், வரி கட்டும் அளவுக்கு மண் வைத்திருந்தவர் ஒருவர் இல்லை. எனக்கென்று இருந்தது ஒரு சைக்கிளும் ஒரு பல் செட்டும். இரண்டுக்கும் ரசீது இல்லை.

பேக்கரி முதலாளிக்கு வீடு இருந்தது. கேட்டேன். அவர் நல்ல மனுஷர், வெளிப்படையாகவே பேசினார்.

"அந்தாளு கேட்டா எல்லாத்தையும் ஆமான்னு சொல்றவருங்கற. நாளைக்கு ஓடிப் போனா, என் ஊட்டை எழுதிக் குடுன்னு என்னைக் கேப்பாங்க. நான் ஆமான்னு சொல்லவா?"

ஜாமீன் உத்தரவு இருந்தது. ஜாமீன் இல்லை.

கோயம்புத்தூர் ஜெயிலுக்கு மலையிறங்கிப் போவேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மச்சான் வந்து நிற்பார். சமவெளி வெக்கை ஒத்துக்கொள்ளாமல் கறுத்துப் போயிருந்தார்.

"உங்க அக்காவுக்கு லயத்துல இருந்து ஏதும் குடுத்து விடறாங்களா?"

"ரொட்டியும் சம்பலுமா வந்து குமியுது மச்சான். அக்கா பெருத்துட்டா, கதவுல நுழைய முடியல."

அவர் முகம் மலர்ந்தது. நான் சொன்னது பொய். முதல் வாரம் வந்தது. பிறகு ஒரு வீட்டிலிருந்து மட்டும் எப்போதாவது. அதன் பிறகு நின்றுவிட்டது. ஒரு நாள் அரைப் பேருக்கு ஒரு நாள் ரொட்டி என்பதுதான் முறை. நாலரை வருஷத்துக்கு யாரால் முடியும்? முறை அவ்வளவு தூரத்துக்குத் தாங்காது. கஷ்டமும் எல்லோருக்கும் இருந்தது. இப்படி அவர்களுக்காக நானே வக்கீலாக நின்று வாதாடிப் பார்ப்பேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம் வரும், வழக்கை வாபஸ் வாங்கிவிடுவேன்.

இன்னொரு முறை போனபோது மச்சான் சொன்னார், "உள்ள ஒரு பக்கெட் காணாமப் போச்சு மச்சான். வரிசையா நிக்க வெச்சுக் கேட்டாங்க."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"கை தானா மேல போயிருச்சு."

"அப்புறம்?"

"அது எண்ணுனவங்க தப்பா எண்ணிட்டாங்களாம். பக்கெட் அங்கயேதான் இருந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க."

"உங்க கைக்குத்தான் மச்சான் முதல்ல விலங்கு போடணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. வலையைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கேபிளை மட்டும் ஒத்துக்கிட்டிருந்தா பத்தாதா மச்சான்?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது. சிறையில் யாரோ படித்தவர் சொல்லியிருக்க வேண்டும், அல்லது அவரே யோசித்திருக்க வேண்டும். யோசிக்க அங்கே நேரத்துக்குக் குறைவில்லை.

அப்பீல் வாய்தாவிலேயே ஓடியது. ஒரு நாள் கீழ்க் கோர்ட் கேஸ் கட்டு வந்து சேரவில்லை. ஒரு நாள் அரசு வக்கீல் வரவில்லை. ஒரு நாள் எல்லோரும் வந்தார்கள், மரம் விழுந்து ரோடு அடைத்ததில் எங்கள் வக்கீல் அம்மா மட்டும் வரவில்லை. காந்தலிலிருந்து நடந்தே கோர்ட்டுக்குப் போய், வாய்தா வாங்கிக்கொண்டு, நடந்தே திரும்புவேன். மழை வந்தது, பனி வந்தது, சீசன் வந்தது, மறுபடி மூன்றும் வந்தன. பூ பார்க்க வந்த டூரிஸ்ட்டுகள் என்னிடம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார்கள். எனக்கு வேறு வழி மறந்துபோய் எல்லோரையும் கோர்ட்டுக்கே அனுப்பிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

இதற்கிடையில் புது ஓனர் வந்துவிட்டார்.

முதல் பெரட்டுக்கு அக்கா போய் நின்றிருக்கிறாள், வளையாத முழங்காலோடு, மச்சானுடைய தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. புது மேனேஜர் சின்ன வயசுப் பையன்.

"ஆளு எங்கம்மா?"

"கோயமுத்தூர் போயிருக்காருங்க தொரை. வந்துருவாரு. அதுவரைக்கும் அவரு பேருக்கு நான் நிக்கறேனுங்க."

"எப்ப வருவாரு?"

அக்கா வாயைத் திறக்கும் முன்பே பக்கத்து வீட்டுக்காரர் வரிசையிலிருந்து சொன்னார். "அவரு இந்த ஃபேக்டரியிலதாங்க சார் கை வெச்சு உள்ள போனாரு. விசிறி, தகடு, எல்லாம் அவருதான்."

லயமே நின்றுகொண்டிருந்தது. ஒருவரும் முன்னால் வரவில்லை.

மேனேஜர் கோபப்படக்கூட இல்லையாம். "அப்ப எப்படிம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டிருக்கிறார். சாமான் செட்டை எடுக்க ஒரு மாதம் கொடுத்தார்கள். எடுத்துவர ஒரு வாடகை ஜீப்பே அதிகமாக இருந்தது. அக்கா காந்தலில் என் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள். நான் அடுப்பங்கரைக்கு மாறினேன். அடுப்பங்கரை என்றால் அறையின் மேற்கு மூலை.

மேல் கோர்ட் தீர்ப்பு அதற்குப் பின் ஒரு மழைநாளில் வந்தது. நீதிபதிக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே வாசித்தார். ஒவ்வொரு தண்டனையும் சட்டப்படி சரிதான். ஆனால் மூன்றும் ஒரே தொடர்ச்சியில், ஒரே இடத்தில் நடந்தவை, குற்றவாளிக்கு இது முதல் குற்றம், மொத்தத் தண்டனை அளவுக்கு மீறியது. ஆகவே மூன்றையும் ஏககாலத்தில் அனுபவித்தால் போதும். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"ஜெயிச்சுட்டோமுங்க!" என்றார் வக்கீல் அம்மா. அவர் கண்ணில் ஈரம். நல்ல பெண்மணி. நான் பையில் கொண்டுபோயிருந்த வர்க்கியை வராந்தாவில் எல்லோருக்கும் கொடுத்தேன். அரசு வக்கீலும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

பொட்டலம் காலியான பிறகுதான் கேட்டேன். "அப்ப அவரு எப்பங்க வெளிய வருவாரு?"

வக்கீல் அம்மா விரல் விட்டு எண்ணினார். எண்ணியதை நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"ஒன்றரை வருசந்தானுங்க இப்ப அவரு தண்டனை."

"சரிங்க."

"அது... எப்பவோ முடிஞ்சு போச்சுங்க."

அந்த முதல் பெரட்டு நடந்ததற்கும் எத்தனையோ மாதம் முன்னால் முடிந்திருந்தது. சட்டப்படி அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு அந்தக் களத்தில் நின்றிருக்க வேண்டியவர். தண்டனை முடிந்த மனுஷனை நாங்கள் அத்தனை நாள் வலைக்கு அப்பால் வைத்து நலம் விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"அந்த மிச்சத்தை யாருகிட்டங்க திருப்பி வாங்கறது?"

"அதுக்கு வழி இல்லைங்க." அவர் கையில் பாதி கடித்த வர்க்கி இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

மச்சான் வந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியவரிடம் நான், "மூணு தட்டும் ஒண்ணா வெந்துருச்சு மச்சான், என்ன, கொஞ்சம் கருகிப் போச்சு" என்றேன். வருஷக்கணக்காக அதை அவரிடம் சொல்ல வைத்திருந்தேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் மனம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அக்கா சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் ஒருமுறை போய்வருவோமா என்று கேட்டதற்கு, "எதுக்கு?" என்றார்.

முதலாளியிடம் சொல்லி பேக்கரியிலேயே விறகடுப்புப் பார்க்க அவரைச் சேர்த்துவிட்டேன். ட்ரையர் பார்த்த கை, சூடு தெரியும். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்று. எதைக் கேட்டாலும் இல்லை என்பார். சாப்பிட்டீங்களா மச்சான்? இல்லை. வாயில் சோறு இருக்கும். கதவைத் திறந்து போட்டது யாரு? நான் இல்லை. அறையில் அவரைத் தவிர ஆள் இருக்காது. அக்கா முதலில் சிரித்தாள், பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள்.

போன வாரம் ஒரு தட்டு வர்க்கி கரியாய்ப் போனது. உள்ளே தள்ளிவிட்டு, வாசலில் நின்று ஒரு பால்காரரோடு கதையளந்துகொண்டிருந்த மகராஜன் வேறு யாருமில்லை, நான்தான். முதலாளி வந்து எல்லோரையும் அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார்.

"யாரு பண்ணுன வேலை இது?"

பழக்கதோஷம், என் கண் தானாக மச்சான் பக்கம் திரும்பியது. பெரட்டுக்களத்தில் எத்தனையோ காலைகளில் லயமே அப்படித்தான் அவர் பக்கம் திரும்பும்.

மச்சான் தலை குனியவில்லை. நிமிர்ந்தேதான் நின்றார்.

"நான் இல்லைங்க" என்றார். பிறகு கையை நீட்டி என்னைக் காட்டினார். "இவருதான்."

எனக்கு அன்று அரைப் பேர். சாயங்காலம் எந்த வீட்டிலிருந்தும் ரொட்டி வரவில்லை.